சிலோன் போன குடும்பத்தின் வேரைத் தேடுவது எப்படி: பகையிலிருந்து தொடங்குங்கள்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. துறையூர்ப் பக்கம் இருக்கும் சின்னத் தாத்தா (தாத்தாவின் தம்பி) வீட்டுக்குப் போகலாம், துக்கம் விசாரிக்கலாம், திண்ணையில் உட்காரலாம். ஆனால் அங்கே கை நனைக்கக் கூடாது. 1971-இல் போட்ட சட்டம். அப்போது நான் பிறக்கவே இல்லை. ஆனாலும் சின்ன வயதில் அந்த ஊர்த் திருவிழாவில் யாரோ நீட்டிய அதிரசத்தை வாங்கியதற்காக அப்பாவிடம் தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன்.

குடும்ப வரலாறு எழுத உட்கார்ந்தபோது பலரும் சொன்ன யோசனை, "பழைய சண்டையெல்லாம் விட்டுடு, நல்லதை மட்டும் எழுது" என்பது. நான் நேர் எதிராகச் செய்தேன். இலங்கை மலையகத்துக்குப் போய், அங்கே இரண்டு தலைமுறை இருந்து, ஒப்பந்தத்தில் திரும்பி வந்த குடும்பங்களில் காகிதம் குறைவு. ஆனால் பகை பத்திரமாக இருக்கும். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், யார் கொள்ளி போட வரவில்லை, எந்த வருஷம் எந்த வாசலில் என்ன பேச்சு வந்தது என்பதெல்லாம் பிசகாமல் நினைவில் இருக்கும். அதை ஒரு தடயமாக எடுத்துக்கொண்டு காகிதத்தைத் தேடினால் பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டால் கெட்டது.

இது தாயகம் திரும்பியோர் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது. மலேயா, பர்மா போன குடும்பங்களுக்கும் முறை இதேதான், அலுவலகங்கள்தான் வேறு.

முதல் வேலை: நாலைந்து ஆண்டுகளை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்

பேட்டி எடுக்கப் போவதற்கு முன் இது தேவை. இல்லாவிட்டால் பாட்டி சொல்வது எந்தக் காலம் என்றே பிடிபடாது.

காப்பித் தோட்டங்களுக்கு 1820-களிலிருந்தே நம் ஆட்கள் போனார்கள். காப்பிக்கு ஆள் தேவை பறிக்கிற பருவத்தில்தான், அதனால் நிறையப் பேர் போய்ப் போய்த் திரும்பினார்கள். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்டார். 1869-இல் தலைகாட்டிய இலைநோய் காப்பியை மெல்ல மெல்லத் தின்று தீர்த்தது. தேயிலையோ வருஷம் முழுக்கப் பறிக்க வேண்டிய பயிர். குடும்பத்தோடு போய் லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) தங்கிய கதை இங்கேதான் தொடங்குகிறது. உங்கள் வீட்டில் "மன்னாரிலிருந்து காட்டு வழியா நடந்தே மாத்தளைக்குப் போனாங்க" என்று சொன்னால் அது மிகப் பழைய கதை. "ரயில்ல தனுஷ்கோடி போய்க் கப்பல் ஏறினாங்க" என்றால் 1914-க்குப் பிறகு, ஏனென்றால் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி அந்த ஆண்டுதான் திறந்தது. 1939-இல் கூலி வேலைக்கு ஆள் போவதை இந்திய அரசு தடுத்துவிட்டது. ஆக, புதிதாகத் தோட்டத்துக்குக் கிளம்பிய கதை பெரும்பாலும் அதற்கு முன்னால்தான் இருக்கும்.

அப்புறம் 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். அது பெரும்பாலான தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். நிலத்தைப் பங்கு போடுவதுபோல ஆளைப் போட்டது என்று அப்பாயி (அப்பாவின் அம்மா) சொல்வார். பங்கு என்ற சொல் எங்கள் வீட்டில் அவ்வளவு சுலபமாக வாயில் வராது என்பது வேறு விஷயம்.

பெரியவர்களிடம் ஆண்டு கேட்காதீர்கள்

"நீங்க எந்த வருஷம் வந்தீங்க?" என்று கேட்டால் தெரியாது என்பார்கள், இல்லை தப்பாகச் சொல்வார்கள். நிகழ்ச்சியைக் கேளுங்கள். தனுஷ்கோடி புயலுக்கு முன்னாலா, பின்னாலா? (புயல் 1964 டிசம்பர்.) பாணுக்கும் (ரொட்டிக்கும்) மாவுக்கும் வரிசையில் நின்ற பஞ்சத்தின்போது எங்கே இருந்தீர்கள்? (1973, 74.) 1958 கலவரமா, 1977 கலவரமா, 1983-ஆ? கப்பலில் வந்தீர்களா? போர் வந்து 1984-இல் கப்பல் நின்றுபோயிற்று. இப்படி நான்கு ஆணி அடித்துவிட்டால் மற்றதெல்லாம் அதிலே தொங்கும்.

நேராகப் பகையைக் கேட்டாலும் பேச்சு வராது. நான் அப்பாயியிடம் தேயிலை கொழுந்து பறிப்பது பற்றித்தான் கேட்டேன். பிரட்டுக்களத்தில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) பேர் போட்டது, கணக்கப்பிள்ளை நிறுவையில் இரண்டு ராத்தல் பிடித்தது, புள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) அப்பாவை விட்டுவிட்டு மலை ஏறியது, எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர், "அப்படிச் சம்பாரிச்ச காசுய்யா, உன் சின்னத் தாத்தன் தின்னது" என்று தானாகவே வந்து நின்றார். கூலிப் பேச்சு கடைசியில் காசுப் பேச்சில் வந்து நிற்கும். காத்திருந்தால் போதும்.

போனில் பதிவு செய்யுங்கள், ஆனால் போனைக் கண்ணெதிரே வைக்காதீர்கள். சொல்லிவிட்டுச் சட்டைப் பையில் வையுங்கள். துண்டு, தலைக்காசு, கவ்வாத்து, கொந்தரப்பு, தவறணை போன்ற தோட்டத்துச் சொற்களை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். "துண்டு" என்றால் தோளில் போடுவது என்று நினைத்து நான் ஒரு வாரம் அலைந்தேன். அது கடன் சீட்டு. தொழிலாளி கங்காணியிடம் பட்ட கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று ஒரு தோட்டம் இன்னொரு தோட்டத்துக்குத் தரும் காகிதம். ஆளோடு கடனும் கைமாறும். 1921-இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். உங்கள் வீட்டில் ஏதாவது கங்காணி குடும்பத்தின் மேல் பரம்பரை வெறுப்பு இருந்தால், வேர் அநேகமாக இந்தத் துண்டில் இருக்கும். கங்காணி வழியில் வந்தவர் நீங்கள் என்றால், எதிர்த்தரப்புக் கதையைக் கேட்கக் கொஞ்சம் கெட்டியான மனது வேண்டும்.

வீட்டுப் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்

எங்கள் பெட்டி ஒரு பிஸ்கட் டின். பாஸ்போர்ட், மண்டபம் முகாமில் (கப்பலில் வந்தவர்களை முதலில் தங்க வைத்த இடம்) கொடுத்த குடும்ப அட்டை, அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், மூன்று மணியார்டர் ரசீது, எவருடையது என்று தெரியாத ஒரு குழந்தையின் வெள்ளி அரைஞாண்.

குடும்ப அட்டையை அலட்சியம் செய்யாதீர்கள். எங்களுடையதில் ஆள் ஆளாகப் பெயர், வயது, உறவு, எந்த மறுவாழ்வுத் திட்டம் என்று இருந்தது. தொழில் கடன், நீலகிரித் தேயிலை (இன்றைய டான்டீ, அதாவது அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்), ரப்பர், நூற்பாலை என்று திட்டத்துக்குத் திட்டம் ஆட்கள் சிதறினார்கள். தமிழ்நாட்டோடும் நிற்கவில்லை. கேரளத்தின் புனலூர், கர்நாடகத்தின் சுள்ளியா ரப்பர்த் தோட்டங்கள் வரை போனவர்கள் உண்டு. காணாமல் போன அத்தையை நீங்கள் கூடலூரில் தேடிக்கொண்டிருக்க, அவர் பேரப்பிள்ளைகள் கன்னடம் பேசிக்கொண்டிருக்கலாம்.

இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்தால் அதிர்ஷ்டம். அதில் நம்மூர்ச் சான்றிதழில் இல்லாத கட்டங்கள் உண்டு: பாட்டன் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம். தகப்பன் அங்கே பிறக்காமல் பூட்டன் பிறந்திருந்தால் அவருடைய விவரம். வம்சாவளி எழுதுகிறவனுக்கு இது பொக்கிஷம். ஆனால் கட்டம் வந்த காரணம் வேறு. 1948 சட்டப்படி, தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்தவனிடம் அதற்கெல்லாம் சான்று எங்கே இருக்கும்? பொகவந்தலாவைப் பக்கம் 1958-இல் பிறந்த அப்பாவின் சான்றிதழில் அந்த இரண்டு கட்டத்திலும் மையில் ஒரு கோடு. அந்தக் கோட்டால்தான் நாங்கள் கப்பல் ஏறினோம்.

சான்றிதழ் இல்லாதவர்கள் இலங்கையில் அந்தத் தோட்டம் இருக்கும் பகுதியின் பிரதேச செயலகத்தில் பிரதி கேட்கலாம். அதற்குத் தோட்டத்தின் பெயர் வேண்டும். சிக்கல் அங்கேதான். துரைமார் வைத்த ஸ்காட்லாந்துப் பெயர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிட்ட பெயர் இன்னொன்று. 1972, 1975 நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992-இல் கம்பெனிகளிடம் நிர்வாகம் போயிற்று, இடையில் சில தோட்டங்கள் இன்னொன்றோடு சேர்ந்தன. பெர்குசன் சிலோன் டைரக்டரியின் பழைய பதிப்புகளில் தோட்டங்களின் பட்டியலும் உரிமையாளர், சூப்பரின்டென்டன்ட் பெயர்களும் இருக்கும். அங்கே இருக்கும் உறவினர் யாரையாவது பிடித்துக் கேட்பது அதைவிடச் சுலபம்.

பெயர் விஷயத்தில் கறாராக இருக்காதீர்கள். தாத்தாவுக்கு செக்ரோலில் (தோட்டத்து வேலையாள் பதிவேட்டில்) ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், இங்கே ரேஷன் கார்டில் ஒரு பெயர். வயதும் ஐந்து, பத்தாகத்தான் ஏறும். மூன்றும் ஒருவரே என்று மனைவி பெயரை வைத்து உறுதி செய்தேன்.

ஊர்ப்பெயர் மறந்துபோயிருந்தால் குலதெய்வத்தைப் பிடியுங்கள்

"திருச்சி ஜில்லா" என்று மட்டும் தெரியும் என்பவர்கள் நிறைய. பழைய திருச்சி ஜில்லா இன்று கரூர், பெரம்பலூர், அரியலூர் வரை பிரிந்து கிடக்கிறது. சேலம் என்றால் தர்மபுரி, நாமக்கல், கிருஷ்ணகிரி எல்லாம் அதில் அடக்கம்.

ஊரை மறந்தவர்கள்கூட குலதெய்வத்தை மறப்பதில்லை. சாமி பெயர், அருகில் உள்ள ஆறு, திருவிழா மாதம், கிடா வெட்டா பொங்கலா, இந்த நான்கும் கிடைத்தால் பத்திருபது ஊராகச் சுருக்கிவிடலாம். பலர் பிடிமண் எடுத்துப் போய்த் தோட்டத்திலேயே கோயில் கட்டியிருக்கிறார்கள். அந்தத் தோட்டத்துக் கோயிலின் சாமி பெயர் ஊர்ச் சாமியின் பெயர்தான்.

கோயிலைக் கண்டுபிடித்தால் பூசாரியிடமோ நாட்டாமையிடமோ தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு வாங்கும் வரி) நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். எங்கள் ஊரில் நீள நோட்டு, மாட்டுக்கொம்பு நிறத்தில் பழுத்த தாள். கொள்ளுத்தாத்தா பெயர் இருந்தது. பெயருக்கு நேரே தொகை இல்லை, "சிலோன்" என்று ஒரே ஒரு சொல். அதற்கு அடுத்த ஆண்டுகளின் பக்கங்களிலும் அதே பெயர், அதே சொல். ஒரு காசு வராத தலைக்கட்டை வருஷா வருஷம் யாரோ அடிக்காமல் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அந்தக் கையெழுத்து சின்னத் தாத்தாவுடையது என்று பூசாரி சொன்னார். அவர்தான் பல வருஷம் கணக்கு எழுதியவராம். எனக்கு அன்றைக்கு அதற்குமேல் எதுவும் பார்க்க ஓடவில்லை.

இரண்டு தரப்பையும் கேட்டபின் பத்திரத்துக்குப் போங்கள்

எங்கள் தரப்பு: கொள்ளுத்தாத்தா 1927-இல் மூத்த மகனோடு (என் தாத்தா) சிலோன் போனார். இளையவன் பாட்டியோடு ஊரில் இருந்தான். முக்கால் ஏக்கர் கொல்லையைக் காப்பாற்றத் தாத்தா காசு அனுப்பினார். இளையவன் அதைத் தன் பேரில் எழுதிக்கொண்டான். 1971-இல் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியபோது, "உங்களுக்கு இங்கே ஒண்ணுமில்லை" என்றான். ஆறு மாதத்தில் நாங்கள் கோத்தகிரிக்குப் போனோம்.

அவர்கள் தரப்பு, சின்னத் தாத்தாவின் மகனான சித்தப்பா சொன்னது: "தம்பி, உங்க தாத்தா ஒரு காசு அனுப்பலை. பெத்த அப்பன் ஊருக்கு வந்து செத்தப்ப, கொள்ளி போடக்கூட வரலை."

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பட்டா, சர்வே எண் என்று வாயைத் திறந்தவுடன் எதிரே இருப்பவர் முகம் மாறும். சொத்துக் கேட்டு வந்திருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள், அதில் தப்பும் இல்லை. முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்: "நிலம் கேட்டு வரலை, கதை எழுதத்தான் வந்தேன்." நான் அதோடு நிற்காமல், எடுக்கிற ஒவ்வொரு நகலிலும் ஒரு பிரதி அவர்களுக்கும் தருகிறேன் என்றேன். அதன்பின்தான் சர்வே எண் வந்தது.

நடைமுறை இதுதான். இன்றைய பட்டா, அ-பதிவேடு விவரம் அரசின் இணையதளத்தில் கிடைக்கும். 1980-களின் யூ.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) அளவையில் எண் மாறியிருந்தால் பழைய எண்ணுக்குத் தாலுகா அலுவலகத்தில் தொடர்புப் பட்டியல் கேளுங்கள். வில்லங்கச் சான்று 1975-க்குப் பிறகானது பெரும்பாலும் பதிவுத்துறை இணையதளத்திலேயே வந்துவிடும். அதற்கு முந்தையது அங்கே கிடைக்காவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட வேண்டும், பழைய புத்தகத்தைப் புரட்டித்தான் எழுதித் தருவார்கள். பொறுமை வேண்டும். நான் நான்கு முறை போனேன். மூன்றாவது முறை மின்சாரம் இல்லை.

கிடைத்தது இவ்வளவு. 1927: கொள்ளுத்தாத்தாவே கொல்லையை அடமானம் வைத்திருக்கிறார், கப்பலேறுவதற்குச் சில வாரம் முன்பு. 1932: அடமானம் வாங்கியவருக்கே கிரயம். அதாவது இரண்டு தரப்பும் சண்டை போட்ட நிலம், இரண்டு மகன்களும் மீசை முளைக்காத பிள்ளைகளாக இருக்கும்போதே கைவிட்டுப் போயிற்று. 1956: சின்னத் தாத்தா அதில் பாதியை 350 ரூபாய்க்குத் தன் பெயரில் வாங்குகிறார்.

பிஸ்கட் டின்னில் இருந்த மணியார்டர் ரசீதுகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். முத்திரையில் 1954, 55, 55. ஒவ்வொன்றும் 40 ரூபாய்.

ஆக, "ஒரு காசு அனுப்பலை" என்பது சரியில்லை. "எங்க நிலத்தைத் தின்னான்" என்பதும் சரியில்லை. 350-இல் 120 அந்தக் காசா, இல்லை அது அப்பனின் வைத்தியத்துக்குப் போயிற்றா என்று எந்தப் பத்திரமும் சொல்லாது. கொள்ளி போட வராதது மட்டும் உண்மை. 1962-இல் கையில் பாஸ்போர்ட் இல்லாத ஒரு நாடற்ற தொழிலாளி தந்தி பார்த்த மறுநாள் கப்பலேற முடியாது என்பதை ஊரில் யாருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

எழுதும்போது

இரண்டு தரப்புக் கதையையும் அவரவர் சொன்னபடி எழுதி, பத்திரத்தில் உள்ளதைத் தனியாக எழுதுங்கள். மூன்றையும் குழைத்து ஒரே கதையாக்கினால் ஒரு பக்கத்தார் கிழித்துப் போடுவார்கள். உயிரோடு இருப்பவர்களின் கடன், கல்யாணம், சாதி விவகாரம் வெளியில் போகிற பிரதியில் வேண்டாம்.

பெருமை பற்றி ஒரு வார்த்தை. "நாங்க ஊர்ல பெரிய பண்ணை, பொழுதுபோகாம சிலோன் போனோம்" என்கிற கதை எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டிலும் இருந்தது, 1927 அடமானப் பத்திரம் வரும்வரை. அங்கே "கள்ளத்தோணி", "தோட்டக்காட்டான்", இங்கே "சிலோன்காரன்" என்று ஏச்சு வாங்கியவர்கள் பண்ணைக் கதையைக் கட்டிக்கொண்டது புரிகிறது. எனக்கென்னவோ, கடனில் கப்பலேறி, கூலிக்குக் கொழுந்து பறித்து, அதிலும் 40 ரூபாயை மிச்சம் பிடித்து அனுப்பிய ஆள்தான் பண்ணையாரைவிடப் பெரிய ஆளாகத் தெரிகிறார். 2023-இல், இருநூறாவது ஆண்டை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடந்தார்களே, அந்த வழியில் நடந்து போனவர்களும் பண்ணையார்கள் இல்லை.

பிரதி மூன்று எடுங்கள்: ஒன்று உங்களுக்கு, ஒன்று ஊர்ப் பங்காளிக்கு, ஒன்று இலங்கையில் தங்கிவிட்ட கிளைக்கு. எங்களில் அத்தை ஒருவர் குடும்பம் 3,00,000 பேர் பக்கம் விழுந்தது, இன்றும் பொகவந்தலாவையில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் மேல் ஒரு பகை இருக்கிறதாம். அதை இன்னும் கேட்கவில்லை.

2017-இல் பத்திர நகல்களோடு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். மணியார்டர் ரசீதின் நகலை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். சித்தி ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து நீட்டினார், பெருங்காயம் போட்ட மோர். குடித்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பாயிதான், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மோரு கை நனைக்கிறதுல சேராதுப்பா" என்றார்.